சிரைவழிக் கரைசல்களும் மருந்துப் பட்டியலும்: எல்லைப்புறத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆயினும் பாலக்காட்டிலிருந்து அங்கே செல்லும் எந்த வண்டியும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை வழியாகச் சுற்றித்தான் மீண்டும் கேரளத்தை அடைய முடியும். கேரள அரசின் மருந்துக் கிடங்கிலிருந்து புறப்படும் சலைன் பாட்டிலுக்கும் அதுவே பாதை. நோய் முற்றிய நிலையில் அங்கிருந்து கீழே கொண்டுவரப்படும் ஒருவருக்குப் பொள்ளாச்சி அருகில், பாலக்காடு தொலைவில். மறையூர், காந்தளூர் மக்களுக்குச் சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை எப்படியோ, அட்டப்பாடி மக்களுக்கு ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூர் எப்படியோ, உடும்பன்சோலை, குமுளிப் பகுதித் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

இன்றியமையா மருந்துப் பட்டியல்கள் தலைநகரங்களில் தயாராகின்றன. அவற்றின் தகுதி சோதிக்கப்படும் இடங்களோ இத்தகைய எல்லைப்புறங்கள். சிரைவழியாக ஏற்றப்படும் மின்பகுளிக் கரைசல்களைப் பொறுத்தவரை இது இன்னும் பொருந்தும். மாத்திரையைப் போல் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. அரை லிட்டர் பாட்டில் ஒன்றின் எடை அரைக் கிலோவுக்கும் மேல். கடும் நீரிழப்புற்ற ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிலிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 50 கிலோ எடையுள்ள தொழிலாளி ஒருவருக்கு வாந்திபேதி கண்டால் மூன்று மணி நேரத்தில் 5 லிட்டர், அதாவது பத்துப் பாட்டில்கள் தேவைப்படும். ஒரே வீட்டில் மூவர் படுத்தால் முப்பது. பட்டியலில் ஒரு கரைசலின் பெயர் இருப்பதற்கும், அந்த முப்பது பாட்டில்கள் அந்த இரவில் அந்த மலையில் இருப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதே மதிப்பீடு.

உலக சுகாதார நிறுவனம் தன் முதல் மாதிரிப் பட்டியலை 1977-இல் வெளியிட்டது. இந்தியாவின் தேசியப் பட்டியல் 1996-இல் தொடங்கி 2003, 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டு, 2022 செப்டம்பரில் 384 மருந்துகளுடன் வெளியாயிற்று. சோடியம் குளோரைடு, ரிங்கர் லாக்டேட், குளுக்கோஸ், பொட்டாசியம் குளோரைடு ஆகியவை இந்தப் பட்டியல்களின் பழைய குடிகள். இப்போது எழுந்துள்ள கேள்வி, அசிட்டேட், குளுக்கோனேட் ஆகியவற்றைக் கொண்ட புதிய தலைமுறைச் ‘சமநிலைக் கரைசல்களை’யும் பொது மருத்துவமனைகளுக்கான பட்டியல்களில் சேர்க்க வேண்டுமா என்பது. கேள்வி நியாயமானதே. விடை காண்பதற்குரிய அளவுகோல்தான் பெரும்பாலும் தவறான இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

முதலில் வேதியியல். சாதாரண சலைன் என அழைக்கப்படும் 0.9 விழுக்காட்டு உப்புக் கரைசலில் ஒரு லிட்டருக்குச் சோடியம் 154 மில்லிமோல், குளோரைடும் 154 மில்லிமோல். மனித ரத்த நீர்மத்தில் குளோரைடின் அளவு ஏறத்தாழ 100 மில்லிமோல்தான். ஆகவே ‘சாதாரண’ என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. லிட்டர் கணக்கில் அதை ஏற்றும்போது ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. சிறுநீரகத்துக்கும் சுமை ஏறலாம் என்பது நெடுநாள் ஐயம். ரிங்கர் லாக்டேட்டில் சோடியம் சுமார் 130, குளோரைடு சுமார் 110, சிறிதளவு பொட்டாசியமும் கால்சியமும், அமிலத்தைச் சமன்செய்ய லாக்டேட்டும் உள்ளன. புதிய சமநிலைக் கரைசல்களில் குளோரைடு 98 வரை இறங்கி, ரத்த நீர்மத்துக்கு மேலும் நெருங்குகிறது. தாளில் பார்த்தால் போட்டி முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் அவ்வளவு எளிதாகத் தீர்ப்பு வழங்கவில்லை. 2018-இல் வெளியான, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 15,802 தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த ‘ஸ்மார்ட்’ ஆய்வில், இறப்பு, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, நீடித்த சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட விளைவு, சமநிலைக் கரைசல் பெற்றோரிடம் 14.3 விழுக்காடாகவும் சலைன் பெற்றோரிடம் 15.4 விழுக்காடாகவும் இருந்தது. நூறு பேருக்கு ஏறத்தாழ ஒருவர் என்ற வேறுபாடு. 2021-இல் பிரேசிலின் ‘பேசிக்ஸ்’ ஆய்வும், 2022-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் ‘பிளஸ்’ ஆய்வும் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. அதே 2022-இல் இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்த பகுப்பாய்வு, சமநிலைக் கரைசல்களின் பக்கம் சற்றுச் சாய்வு இருக்கக்கூடும் என்றும், அது உறுதியாக நிறுவப்படவில்லை என்றும் கூறியது.

இவ்விடத்தில் விவாதங்களில் எளிதில் நழுவிவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. நன்மை தென்பட்ட நாஷ்வில் ஆய்வில் ‘சமநிலைக் கரைசல்’ என்ற பெயரில் பெருமளவு பயன்பட்டது பழைய ரிங்கர் லாக்டேட்டே. வேறுபாடு காணாத மற்ற இரண்டு ஆய்வுகளிலும் பயன்பட்டது புதிய வகைக் கரைசல். இதைக்கொண்டு பழையதே புதியதைவிட மேலானது என்று முடிவுகட்டுவது பிழையாகும்; ஆய்வுகளின் களங்கள் வேறு, நோயாளிகள் வேறு. ஆனால் புதியதைச் சேர்த்தால்தான் சமநிலைக் கரைசலின் பலன் கிட்டும் என்ற வாதத்துக்கு இந்தச் சான்றுகளில் இடமில்லை என்று துணிந்து கூறலாம். பட்டியலில் ஏற்கெனவே ஒரு சமநிலைக் கரைசல் இருக்கிறது. அதன் பெயர் ரிங்கர் லாக்டேட்.

மேலும், எந்தக் கரைசலும் எல்லோருக்கும் உகந்ததன்று. பிரேசில் ஆய்வில் தலைக்காயமுற்றோரிடையே சமநிலைக் கரைசல் பெற்றவர்களின் இறப்பு கூடுதலாக இருந்தது. மண்சரிவிலும் இடிபாடுகளிலும் சிக்கித் தசை நசுங்கியவர்களுக்குப் பொட்டாசியம் கலந்த கரைசலைத் தவிர்த்துச் சலைனையே முதலில் ஏற்ற வேண்டும் என்பது பேரிடர்க்காலச் சிறுநீரக மருத்துவத்தின் பரிந்துரை. நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலப்பதே காரணம். இது இடுக்கிக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மீது மலை சரிந்தபோது, உயிரிழந்தோரும் காணாமற்போனோருமாக 70 பேர். பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்களின் வழிவந்தோர். அத்தகைய இரவுக்குத் தயாராக இருக்க வேண்டிய மூணாற்று மருத்துவமனையில், ‘சலைன் பழையது, சமநிலைக் கரைசல் புதியது’ என்று ஒன்றை நீக்கி மற்றொன்றை வைப்பது அறிவுடைமை ஆகாது. இரண்டும் வேண்டும். எப்போது எது என்று அறிந்த செவிலியரும் வேண்டும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் கூர்மையானது. 2011-இல் உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் கொண்ட 3,141 குழந்தைகளிடம் நடந்த ‘ஃபீஸ்ட்’ ஆய்வு வெளியாயிற்று. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டினர் இறந்தனர். அவ்வாறு ஏற்றப்படாதோரில் 7.3 விழுக்காட்டினர். வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகளும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுடைய குழந்தைகளும் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை என்பதை மறக்கலாகாது. ஆயினும் அது கற்பித்த பாடம் பொதுவானது. செயற்கைச் சுவாசக் கருவி இல்லாத, ரத்தத்தின் மின்பகுளி அளவை உடனே அறிய வழியில்லாத மருத்துவமனையில், பாட்டிலுக்குள் இருப்பது எது என்பதைக் காட்டிலும் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. 2013-இல் பச்சிளங்குழந்தைகளின் மரணங்களால் நாடறிந்த அட்டப்பாடியில், ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்குக் கண்மூடித்தனமாகத் திரவம் ஏற்றுவது சிகிச்சையே அன்று. அதே அட்டப்பாடியில் அரிவாள் அணு ரத்தசோகையுடையோர் வலி நெருக்கடியோடு வரும்போது, உரிய அளவு திரவம் உரிய நேரத்தில் கிடைக்காவிட்டால் அதுவும் கேடு. இரண்டு பிழைகளுக்கும் இடையிலுள்ள பாதை குறுகலானது. விலையுயர்ந்த பாட்டில் அதை அகலமாக்கித் தராது.

அடுத்தது தரம். 2024 இறுதியில் கர்நாடகத்தின் பல்லாரியில் அரசு மருத்துவமனையில் அறுவை மகப்பேற்றுக்குப் பின் ஐந்து தாய்மார் உயிரிழந்தனர். அவர்களுக்கு ஏற்றப்பட்ட ரிங்கர் லாக்டேட்டின் மீது ஐயம் விழுந்தது. அந்நிறுவனக் கரைசலின் பயன்பாட்டை மாநில அரசு நிறுத்தியது. மாநில ஆய்வகம் தரமற்றவை என்று ஒதுக்கிய தொகுதிகளில் சிலவற்றை மத்திய ஆய்வகம் தரமானவை என்று சான்றளித்திருந்த முரண்பாடும் அப்போது வெளிவந்தது. 2025 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் மேதினிப்பூரில் மகப்பேற்றுக்குப் பின் ஒரு தாய் இறந்தார். மேலும் சிலர் கவலைக்கிடமாயினர். அங்கும் ரிங்கர் லாக்டேட் மீதே கேள்வி எழுந்தது; சிகிச்சையில் அலட்சியம் எனக் கூறி மருத்துவர்களும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். மரணங்களின் முழுக் காரணத்தை நிறுவுவது விசாரணைகளின் வேலை. பட்டியல் தயாரிப்போருக்கான பாடமோ இப்போதே தெளிவு. ரிங்கர் லாக்டேட் எல்லாப் பட்டியல்களிலும் இருந்தது. பெயர் இருந்ததால் மட்டும் ஒரு தாய்க்கும் பாதுகாப்புக் கிடைத்துவிடவில்லை.

சிரைவழிக் கரைசலில் கிருமி இல்லாதிருந்தால் மட்டும் போதாது. இறந்த நுண்ணுயிரிகள் விட்டுச்செல்லும் நச்சு சூடேற்றினாலும் எளிதில் அழியாது. நேராக ரத்தத்தில் கலந்தால் குளிர்நடுக்கமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் நேரும். கிருமியின்மைச் சோதனைக்கு மட்டும் 14 நாள்கள் தேவை. ஆகவே சோதனை முடியும்வரை ஒவ்வொரு தொகுதியையும் கிடங்கில் ஒதுக்கிவைக்கும் ஒழுங்கு உயிர்நாடியானது. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இவ்வொழுங்கை நாட்டுக்குக் காட்டிய முன்னோடிகளுள் ஒன்று. கேரள மருத்துவப் பணிகள் கழகம் 2007-இல் உருவானதும் அந்த வழியிலேயே. வாங்கும் கரைசல்களின் எண்ணிக்கையைப் பெருக்கினால் சோதிக்க வேண்டிய தொகுதிகளும் பெருகும். ஆய்வகங்களின் திறன் அவ்வளவு விரைவில் பெருகாது. பட்டியலில் ஒரு வரியைக் கூட்டும்போது இந்தச் சுமையையும் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.

மதிப்பீடு என்றாலே சேர்ப்பதைப் பற்றிய பேச்சு என்று கருதும் வழக்கமும் மாற வேண்டும். நீக்குவதும், வரம்பிடுவதும் மதிப்பீடே. சோடியம் மிகக் குறைந்த கரைசல்களைக் குழந்தைகளுக்குப் பராமரிப்புத் திரவமாக ஏற்றுவதால் ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும் ஆபத்து உண்டு. 2007-இலேயே பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு அமைப்பு இதுகுறித்து எச்சரித்தது. 2018-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சமச்செறிவுக் கரைசல்களையே பரிந்துரைத்தது. நம் மருத்துவமனைகளில் பழக்கத்தால் நீடிக்கும் குறைசோடியக் கரைசல்களுக்குப் பட்டியல் இன்னும் எத்தனை காலம் இடமளிக்க வேண்டும் என்பது புதிய கரைசல் பற்றிய கேள்வியைவிட அவசரமானது. அடர் பொட்டாசியம் குளோரைடு அதைவிட ஆபத்தானது. நீர்க்கச் செய்யாமல் தவறுதலாக ஏற்றினால் நிமிடங்களில் இதயம் நிற்கும். அது பட்டியலில் இருக்கத்தான் வேண்டும். பொது வார்டின் அலமாரியில் மற்ற ஊசிமருந்துகளோடு சேர்ந்து இருக்கக் கூடாது.

தேவையற்ற பயன்பாடு வேறொரு பக்கம். தோட்டப் பகுதிகளில் ‘உடம்பு அசதியாக இருக்கிறது, ஒரு குளுக்கோஸ் ஏற்றுங்கள்’ என்று கேட்பது வழக்கம். 5 விழுக்காட்டுக் குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஆறு தேக்கரண்டிக்கு மேல் போகாது. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் தரக்கூடிய அதே ஆற்றலுக்காக ஒரு நாள் கூலியும், ஊசி குத்திய இடத்தில் தொற்று நேரும் வாய்ப்பும் விலையாகின்றன. கேட்பவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கேட்டதும் ஏற்றி அனுப்பும் மருத்துவ வணிகமே இந்த நம்பிக்கையை வளர்த்தது.

இதற்கு மாற்றும் புதிதன்று. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழிச் சலைன் தீர்ந்துபோகும் நிலை வந்தது. மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. சிரைவழிக் கரைசலின் மதிப்பீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. பெட்டிமுடியைத் தாண்டிக் காட்டுக்குள் அமைந்த இடமலைக்குடி போன்ற முதுவர் குடிகளுக்குப் பத்துப் பாட்டில் சலைனைக் கொண்டுசேர்ப்பதற்குள் நூறு பொட்டலங்களைக் கொண்டுசேர்த்துவிடலாம். பலரை அவை சிரைவழி ஊசியே தேவைப்படாத நிலையில் நிறுத்திவிடும்.

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. கோயம்புத்தூரின் தனியார் மருத்துவமனையில் புதிய கரைசல், மறையூரின் தோட்டத் தொழிலாளிக்குப் பழைய கரைசல் என்றால், ஏழைக்கு ஒரு மருத்துவம், வசதியுள்ளவர்க்கு ஒரு மருத்துவம் என்றாகிவிடாதா? இதனோடு இணைந்த இன்னொரு வாதம்: இந்தியாவில் தேசியப் பட்டியலில் இடம்பெறும் மருந்துக்கு 2013-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் உச்சவிலை வருகிறது, வெளியே நிறுத்தினால் உற்பத்தியாளருக்கே ஆதாயம்.

இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. அதற்கான வழியும் தேசியப் பட்டியலின் அமைப்பிலேயே உள்ளது. அப்பட்டியல் ஒவ்வொரு மருந்தையும் முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை மருத்துவமனைகளுள் எவற்றுக்கு உரியது என்று குறிக்கிறது. புதிய சமநிலைக் கரைசலை மூன்றாம்நிலைக்கு மட்டும் எனக் குறித்துச் சேர்த்தால் விலையும் கட்டுக்குள் வரும், கீழ்நிலை மருத்துவமனைகளின் வரவுசெலவையும் அது விழுங்காது. முதல் வாதத்துக்கான விடை வேறு. மலைமக்களுக்கு மறுக்கப்படுவது புதிய கரைசல் அன்று. ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் எவ்வளவு என்று ஒரு மணி நேரத்தில் சொல்லும் சிறு ஆய்வுக்கருவி, இரவுப் பணியில் இருக்கும் இரண்டாவது செவிலியர், சோதித்துத் தேறிய பாட்டில், மழைக்காலத்திலும் திறந்திருக்கும் சாலை ஆகியவையே மறுக்கப்படுகின்றன. நிகர்நிலை வேண்டுமெனில் இவற்றைக் கேட்க வேண்டும். பாட்டிலின் மேலொட்டிய பெயரில் நிகர்நிலை கண்டு மனநிறைவு கொள்வது, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதற்கு ஒப்பு.

ஆகவே எல்லைப்புறத்தை மனத்தில் கொண்ட மதிப்பீடு சில எளிய முடிவுகளுக்கு வந்தாக வேண்டும். முதல்நிலை மருத்துவமனைகளில் ரிங்கர் லாக்டேட்டும் சலைனும் இரண்டும் தட்டுப்பாடின்றி இருக்க வேண்டும். எத்தனை பாட்டில் என்பதைச் சென்ற ஆண்டின் செலவைக் கொண்டன்றி, சாலை துண்டிக்கப்படக்கூடிய நாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும். குறைசோடியக் கரைசல்களைக் குழந்தைகளின் வார்டிலிருந்து படிப்படியாக விலக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியின் சோதனை முடிவையும் மக்கள் காணும்படி வெளியிட வேண்டும். எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்ற ஒருபக்க வழிகாட்டி, மலையாளத்திலும் தமிழிலும், பாட்டில் அடுக்கப்பட்ட அலமாரியின் கதவிலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இறுதியாக இரு மாநிலங்களுக்குமான ஒரு கடமை. திருவனந்தபுரத்தின் பட்டியலும் சென்னையின் பட்டியலும் தனித்தனி. நோயாளியின் உடல் ஒன்றே. பாதி வழியில் ஒரு கரைசலோடு புறப்பட்டு மறுபாதியில் வேறொன்றுக்கு மாறும் நோயாளியின் கையில், என்ன ஏற்றப்பட்டது, எவ்வளவு ஏற்றப்பட்டது, எந்தத் தொகுதி என்பதைக் குறித்த ஒரு சீட்டாவது இருக்க வேண்டும். அட்டப்பாடிச் சுரத்தில் மண் சரிந்து மண்ணார்க்காட்டுப் பாதை அடைபடும் நாளில் ஆனைகட்டி வழியே கோவைக்கு விரையும் ஆம்புலன்ஸுக்கு மாநில எல்லை ஒரு சோதனைச்சாவடி மட்டுமே. அந்த ஆம்புலன்ஸில் தொங்கும் பாட்டிலை நம்பி ஏற்றலாமா, அது தீர்ந்தால் அடுத்த பாட்டில் எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லும் பட்டியலே பொதுச் சுகாதாரத்தின் பட்டியல்.